லீவில் இருந்த கால்

இன்ஸ்பெக்டர் அற்புதசாமியின் வலது காலை நான் இரண்டு முறை நன்றாகப் பார்த்திருக்கிறேன். முதல் முறை, என் வீட்டுக்காரர் ஏறி நின்ற ஏணியை அது எட்டி உதைத்தது. இரண்டாம் முறை, எங்கள் பங்குக் கோயிலின் சாமியார் அதைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவி, பூத்துண்டால் துடைத்து, குனிந்து முத்தம் கொடுத்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு தவக்காலம் போனது. அந்தத் தவக்காலத்தில் எங்கள் பங்கில் யார் எதற்காகத் தவம் இருந்தார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். வாயில் நல்ல வார்த்தை வராது.

என் பெயர் செல்வமேரி. கே.கே. நகர்ப் பக்கம் குடியிருக்கிறோம். நான் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் டோனி மைக் செட் வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எங்கள் கோயில் பூசை எல்லாவற்றுக்கும் அவர்தான். மனிதர் அதிர்ந்து பேசமாட்டார். ஊருக்கெல்லாம் சத்தம் ஏற்றிக் கொடுக்கிறவர், குழம்பில் உப்பு போதவில்லை என்பதைக்கூட ரகசியம் மாதிரிதான் சொல்வார். ஆனால் ஏணியில் ஏறிவிட்டால் அவர் வேறு ஆள். கடைசிப் படியில் நின்று, ஒரு கையால் ஹாரன் ஸ்பீக்கரைத் தாங்கி, கயிற்றைப் பல்லால் கடித்து இறுக்குவார். அதைப் பார்த்து மயங்கித்தான் நான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

பங்குத் திருவிழாவில் தேர் புறப்படுகிற சாயங்காலம் அது நடந்தது. தெரு நெடுக மக்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முனையில் இருந்த கம்பத்தில் ஒரு ஹாரன் சரிந்து தொங்கியதால் டோனி ஏணி போட்டு ஏறினார். ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஜூட். பங்குப் பேரவைச் செயலாளர், பூசையில் வாசகம் வாசிக்கிறவர், பெரிய யோக்கியர். அந்த நேரம் பார்த்து அற்புதசாமி வந்தார். பட்டுச் சட்டை, சட்டைக்கு வெளியே தங்கச் சிலுவை, வாயில் பாக்கும் அதையும் மீறி வந்த இன்னொரு வாசனையும். அவர் அன்று லீவு. இதை மறந்துவிடாதீர்கள், கதை முழுக்க இந்த லீவுதான் வரப்போகிறது.

பெரிய தேருக்குப் பூ அலங்காரம் அவருடைய உபயம். அதை உடனே மைக்கில் சொல்லவேண்டும் என்றார். செபமாலை முடிந்ததும் சொல்லச் சொல்கிறேன் சார் என்று டோனி மேலே இருந்தே பணிவாகச் சொன்னார். செபமாலையை நிறுத்தச் சொல் என்றார் இன்ஸ்பெக்டர். அது என் கையில் இல்லை சார் என்றார் அவர். மாதாவை ஒரு நிமிஷம் காத்திருக்கச் சொல்கிற தைரியம் ஒரு இன்ஸ்பெக்டருக்கு இருந்தது. இன்ஸ்பெக்டரைக் காத்திருக்கச் சொன்ன தைரியம்தான் என் வீட்டுக்காரர் செய்த குற்றம்.

ஜூட் அப்போது ஒரு காரியம் செய்தார். இன்ஸ்பெக்டர் கிட்டே வந்துவிட்டார் அல்லவா, வணக்கம் சொல்லவேண்டாமா? ஏணியைப் பிடித்திருந்த இரண்டு கையையும் எடுத்துப் பெரிய கும்பிடாகப் போட்டார். அற்புதசாமி காலைத் தூக்கி ஏணியை உதைத்தார். நான் எதிர்ச்சாரியில், சத்தம் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பெட்டி வைத்திருந்த பந்தலில் இருந்தேன். டோனி விழுந்ததைவிட ஹாரன் விழுந்த சத்தம் பெரிதாக இருந்தது. அற்புதசாமி கீழே கிடந்தவரைப் பார்த்துச் சொன்னார்:

"டூட்டியில இருந்தா லத்தியால போட்டிருப்பேன். இன்னைக்கு லீவு, அதான் காலோட போச்சு."

சுற்றி நின்றவர்களில் நாலைந்து பேர் சிரித்தார்கள். பயத்தில் சிரித்தார்கள் என்று பிறகு எனக்கு விளக்கம் சொன்னார்கள். பயந்தவன் அழுவான், ஓடுவான். பல்லைக் காட்டுகிறவனுக்கு வேறு பெயர்.

கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்து, கம்பி வைத்துத் தைத்தார்கள். நடக்கலாம், ஏணியை மட்டும் மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது டோனி சரி என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

அங்கே சொன்னார்கள்: ஒரு இன்ஸ்பெக்டர் மேல் சும்மா வழக்குப் போட முடியாதும்மா, அவர் அரசாங்க அதிகாரி, மேலிடத்து அனுமதி வேண்டும். சரி என்று உதவி கமிஷனர் ஆபீஸுக்குப் போனேன். உதவி கமிஷனர் சம்பத், ஸ்ரீரங்கத்துக்காரர், ரிட்டயர் ஆகப்போகிறவர், குரலில் வெண்ணெய் ஒழுகும். அவர் சொன்னார்: அற்புதசாமி அன்றைக்கு லீவில் இருந்தார், யூனிஃபாரம் போடவில்லை, அது அவருடைய சொந்த விஷயம், டிபார்ட்மென்ட் அதற்குப் பொறுப்பாகாது. வழக்குப் போடு என்றால் அவர் அதிகாரி. பொறுப்பெடு என்றால் அவர் லீவில் போன தனி மனிதர். வேண்டும்போது மாட்டி வேண்டாதபோது கழற்ற அது என்ன மூக்குக் கண்ணாடியா? இதை அவரிடமே கேட்டேன். சிரித்துக்கொண்டே டீ சாப்பிடுறீங்களா என்றார்.

விசாரணை என்று ஒன்றும் நடத்தினார்கள். ஜூட் போய் ஏணி தானாக வழுக்கியது என்று சொல்லிவிட்டு வந்தார். மற்றவர்கள் கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். எங்கள் பங்கில் அவ்வளவு பக்தி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணில் பட்ட கல்யாண வீட்டில் எல்லாம் யார் எவ்வளவு நகை போட்டிருந்தாள் என்று ஒரு வாரம் பேசுகிற கூட்டம் இது.

மலைக்கோட்டைக்குக் கீழே, ஜவுளிக்கடைகளுக்கு நடுவே ஒரு சந்தில், மாடியில் வக்கீல் ஆபீஸ் வைத்திருக்கிறாள் கமர் ஜஹான். என்னோடு ஸ்கூலில் படித்தவள். அவளிடம் போனேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள்.

"லீவுல இருந்தான்னு அவங்களே சொல்லிட்டாங்கல்ல? ரொம்ப நல்லது. உத்தியோகம் பாக்குறப்ப செஞ்சாதான்டி அனுமதி கினிமதி எல்லாம். லீவுல உதைச்சவனுக்கு ஒரு அனுமதியும் வேணாம், நேரா மாஜிஸ்திரேட்கிட்ட போயிடலாம். ஆனா ஒரு சாட்சி வேணும். பொண்டாட்டி சாட்சியை மட்டும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? அப்புறம் டோனி அண்ணன் எந்தச் சமாதானக் கடுதாசியிலயும் கையெழுத்துப் போட்றக்கூடாது."

ஒரு சாட்சி, ஒரு கையெழுத்து. இவ்வளவுதான் கேட்டாள். முதலாவது கிடைக்கவில்லை. இரண்டாவதும் என் கையைவிட்டுப் போகப் பார்த்தது.

காரணம் எங்கள் பங்குச் சாமியார் ஃபாதர் ஆசீர். பெரிய வியாழனுக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டுக்கு வந்தார். பெரிய வியாழன் பூசையில் இயேசு சீடர்களின் பாதத்தைக் கழுவியதை நினைத்து, சாமியார் பங்கு மக்களில் பன்னிரண்டு பேரை உட்கார வைத்துக் கால் கழுவுவார். வழக்கமாக முதல் நாற்காலி அற்புதசாமிக்குத்தான். பாதுகாப்புக்கும் பார்க்கிங்குக்கும் அவர் வேண்டும், அதனால் சீடர்களில் தலைவரான இராயப்பரும் அவரே. இந்த வருஷம் இரண்டாவது நாற்காலியில் டோனி உட்காரட்டும் என்றார் ஃபாதர். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் பாதத்தையும் கழுவி, போட்டோ எடுத்து, பூசை முடிந்ததும் உள்ளறையில் ஒரு சமாதானக் கடுதாசி. உதவி கமிஷனரையே விருந்தாளியாக அழைத்திருக்கிறாராம். அவர் கண்ணால் பார்த்துவிட்டால் விசாரணையை மூடிவிடுவார்களாம். மன்னிப்பின் திருநாள் பாருங்க என்றார்.

மன்னிப்புக் கேட்டவன் எங்கே ஃபாதர் என்று கேட்டேன். அவர் டோனி பக்கம் திரும்பி, திருவிழா மைக் செட் எல்லாம் நீதானேப்பா, இனிமேலும் நீயே செய்யவேண்டும் என்றுதான் எனக்கு ஆசை என்று இழுத்தார். கழுத்தில் துண்டைப் போட்டு இறுக்குகிற காரியத்தைக்கூட ஆசீர்வாதம் மாதிரி செய்ய இவர்களுக்குத் தெரியும். டோனி சரி என்றுவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு போடவில்லை, நான் போடவில்லை. அவரே போட்டுச் சாப்பிட்டுவிட்டு, தட்டையும் கழுவிவைத்துவிட்டு வந்து சொன்னார்:

"ஏணிதான் போச்சு மேரி. கோயிலும் போகணுமா?"

எனக்கு இன்ஸ்பெக்டர் மேல் இருந்த கோபத்தைவிட அந்த நிமிஷம் இவர் மேல் இருந்த கோபம் பெரிது. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டபின் கத்த முடியவில்லை.

பெரிய வியாழன் வந்தது. கோயில் நிரம்பி வழிந்தது. பீடத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி போட்ட நாற்காலிகள். முதலில் அற்புதசாமி, வெள்ளை அங்கி, குறுக்கே சிவப்புப் பட்டை, முகத்தில் உயிரைக் கொடுத்த வேதசாட்சியின் களை. அடுத்தது டோனி, ஊன்றுகோலை நாற்காலிக்குக் கீழே தள்ளிவைத்துக்கொண்டு. மூன்றாவது ஜூட். முன்வரிசையில் தனியாக ஒரு குஷன் நாற்காலி போட்டு, உதவி கமிஷனர் சம்பத்தை உட்காரவைத்துச் சால்வை போர்த்தினார்கள். அவரும் வெள்ளைச் சட்டையில், யூனிஃபாரம் இல்லாமல், தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர் பெட்டியோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

டோனி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதால் மிக்சரில் நான் இருந்தேன். அது எனக்குப் பழகிய வேலைதான். அவர் எழுந்துபோகும்போது ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனார். ஃபாதர் கால் கழுவக் குனிகிறபோது அவருடைய காலர் மைக்கை இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் சத்தம், மூச்சு, கால்காரர்கள் முணுமுணுக்கிறது எல்லாம் கோயில் முழுக்கக் கேட்கும். ஒவ்வொரு வருஷமும் அவர் அதை இறக்கிவிடுவார். அதனால் காலர் மைக் ஒன்று தன் சட்டையில் இருக்கிறது என்பதையே ஃபாதர் மறந்துபோகிற அளவுக்கு அவருக்குப் பழகிவிட்டது. மைக் செட்காரன் ஒழுங்காக வேலை செய்தால் அப்படித்தான் ஆகும்.

ஃபாதர் துண்டைக் கட்டிக்கொண்டு அற்புதசாமியின் முன்னால் மண்டியிட்டார். பாடகர் குழு பாட்டின் ஒரு சரணத்தை முடித்து மூச்சு வாங்கியது. என் விரல் குமிழின் மேல்தான் இருந்தது. இறக்கத்தான் போனேன். அப்போது அற்புதசாமி, அந்த உதைத்த காலைத் தாம்பாளத்தில் வைத்தபடி, குனிந்து ஃபாதரின் காதில் ஏதோ ஆரம்பித்தார். ஸ்பீக்கரில் 'ஏணி' என்று ஒரு சொல் வந்தது. என் விரல் இறக்கவில்லை. ஏற்றியது. கை தவறிவிட்டது என்று யாரிடமும் நான் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லமாட்டேன்.

"ஏணிய உதைச்ச காலுக்கு இவ்வளவு மரியாதையா ஃபாதர்? இதுக்காகவே இன்னொரு தடவை உதைக்கலாம் போல." கோயிலின் நான்கு மூலையிலிருந்தும் அந்தக் குரல் வந்தது. "அவன் கையெழுத்துப் போடட்டும். அடுத்த திருவிழாவுக்கு வேற மைக் செட் பாத்துக்கலாம்."

"அதெல்லாம் பேசினபடிதான் சார்," என்றது ஃபாதரின் குரல், அதுவும் நான்கு மூலையிலிருந்தும். "போட்டோ எடுக்கிறாங்க, கம்முனு இருங்க."

ஃபாதருக்கு அப்போதுதான் உறைத்தது. கையால் சட்டையைத் தடவி மைக்கைப் பொத்தினார். அது இன்னும் பெரிய கரகரப்பாகக் கேட்டது. அற்புதசாமி ஈரக் காலோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். சம்பத் தலையைத் தூக்கி மேலே இருந்த பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். பாடகர் குழு என்ன செய்வதென்று தெரியாமல் அதே சரணத்தை மறுபடியும் எடுத்தது, இந்தத் தடவை இரண்டு மடங்கு சத்தமாக. கோயில் மொத்தமும் கூடச் சேர்ந்து பாடியது. வழக்கமாக வாயே திறக்காதவர்கள்கூடப் பாடினார்கள். காதில் விழுந்ததைப் பாட்டால் பூசி மெழுகுகிறார்களாம்.

ஃபாதர் வேறு வழியில்லாமல் அந்தக் காலைத் துடைத்து முத்தம் கொடுத்தார், பாட்டு ஓய்ந்ததும் டோனியிடம் நகர்ந்து கையை நீட்டினார். டோனி காலைக் கொடுக்கவில்லை. தையல் தழும்போடு இருந்த அந்தக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் ஃபாதர். அழுக்கு இந்தக் கால்ல இல்ல."

அவர் வழக்கம்போல மெதுவாகத்தான் சொன்னார். மைக் ஏற்றியபடியே இருந்தது. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, அங்கியும் பட்டையுமாகக் கோயிலின் பக்கவாட்டில் நடந்து என்னிடம் வந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டு, குமிழை அதன் சரியான இடத்தில் கொண்டுவந்து வைத்தார். "இவ்வளவு ஏத்தினா கூவும் மேரி," என்றார். பூசை முடிந்து உள்ளறையில் அந்தக் கடுதாசி அவருக்காகக் காத்திருந்தது. நாங்கள் வயரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இனி சாட்சிக்கு என்ன பஞ்சம் என்று நான் நினைத்தேன். என் புத்தியை எதால் அடிக்க? ஜூட்டிடம் கேட்டேன். அவருக்கு அன்று ஸ்பீக்கரில் ஒரே இரைச்சலாம், ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லையாம். அவர் உட்கார்ந்திருந்தது அற்புதசாமிக்கு இரண்டு நாற்காலி தள்ளி. ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும் கேட்டிருக்கும். அன்பியம் என்று வீடு வீடாகக் கூடிச் செபம் சொல்கிற பெண்கள், எங்களுக்கு வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் செல்வமேரி என்றார்கள், எனக்கு மட்டும் வீட்டில் பூனை இருக்கிற மாதிரி. ஃபாதர் ஆசீர் சொன்னதுதான் உச்சம். ஒருவர் சாமியாரிடம் மனம் திறந்து சொன்னது பாவசங்கீர்த்தனம் மாதிரியாம், அதை அவர் வெளியே சொல்லக்கூடாதாம். உலகத்திலேயே பாவசங்கீர்த்தனத்துக்கு மைக் வைத்த கோயில் எங்களுடையதுதான்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து உதவி கமிஷனரிடமிருந்து போன் வந்தது. ஆபீஸுக்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வாங்கோ, மனசுவிட்டுப் பேசலாம் என்றார். நான் முதலில் கமர் ஜஹானிடம் போய்ச் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கணக்கு டீச்சர் போர்டில் தப்பாகப் போட்டதை ஸ்கூலில் கண்டுபிடிக்கிறபோது வருமே, அதே சிரிப்பு. என்ன கேட்க வேண்டும், எதைக் கேட்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினாள்.

கோபுரம் தெரிகிற தெருவில் சம்பத்தின் வீடு. மனிதர் நாமம், துளசிமணி மாலை, மயில்கண் வேஷ்டியோடு ஊஞ்சலில் இருந்தார். அம்மா உக்காருங்கோ, காபி சாப்பிடுங்கோ என்று ஒரே உபசாரம். பெருமாள் கோயில் அக்காரவடிசல் ஒரு கிண்ணத்தில் வந்தது. பிறகு ஆரம்பித்தார். க்ஷமை என்பது எல்லா மதத்துக்கும் பொது, அற்புதசாமிக்கு இரண்டு பெண் குழந்தைகள், வேலைக்கு ஏதாவது ஆனால் குடும்பம் என்னாகும், நாமெல்லாம் கருவி, நடத்துகிறவன் அரங்கன். அரங்கனா சார் ஏணியை உதைத்தார் என்று கேட்க நாக்கு துடித்தது. கமர் கேட்கக்கூடாது என்று சொல்லியிருந்ததில் இதுவும் சேர்த்தி. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு ஸ்பீக்கரில் வந்தது உங்கள் காதில் விழுந்ததா சார் என்று மட்டும் கேட்டேன்.

அவர் ஊஞ்சலை நிறுத்தினார்.

"விழுந்துதும்மா, எனக்கென்ன காது செவிடா? ஆனா அதை வச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது. நான் அங்க விருந்தாளியா வந்தேன். டூட்டியில இல்ல. அதுவும் போக, போலீஸ்காரன்கிட்ட ஒப்புத்துண்டது எதுவும் கோர்ட்ல செல்லாது. உங்க வக்கீலைக் கேட்டுப் பாருங்கோ."

கேட்டுவிட்டுத்தானே வந்திருக்கிறேன். எனக்கு உயரத்தில் ஏறி நிற்கிற மாதிரி இருந்தது. டோனி ஏணியின் கடைசிப் படியில் நிற்கும்போது அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"அவர் உங்ககிட்ட எதையும் ஒத்துக்கலையே சார். ஃபாதர்கிட்ட பேசினார். நீங்க கூட்டத்துல ஒரு ஆளா உக்காந்து கேட்டீங்க. டூட்டியில இல்ல, யூனிஃபாரம் இல்ல, சால்வை போத்தின விருந்தாளி. அப்ப நீங்க எங்க சாட்சி சார். உங்க பேரைத்தான் முதல்ல போடப்போறோம்."

அவர் முகத்தில் இருந்த வெண்ணெய் அப்படியே உறைந்தது. மிரட்டுறீங்களா அம்மா என்றார். இல்லை சார் என்றேன். போலீஸ் அதிகாரியைச் சாட்சிக்கு இழுப்பது அவ்வளவு லேசில்லை, டிபார்ட்மென்ட் பார்த்துக்கொண்டிருக்காது என்றார். டூட்டியில் இல்லாத ஆள் செய்ததற்கு டிபார்ட்மென்ட் பொறுப்பாகாது என்று உங்கள் வாயாலேயே சொன்னீர்களே சார், கோர்ட்டில் சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொன்னால் அதற்கும் பொறுப்பாகாதுதானே என்றேன். பென்ஷனைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவரே அதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்பது ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்த கையிலேயே தெரிந்தது. போயிட்டு வரேன் சார் என்று கும்பிட்டுவிட்டு எழுந்தேன். அக்காரவடிசல் நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

நேராக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டோம். இழுத்தார்கள், வாய்தா வாங்கினார்கள், அற்புதசாமிக்கு நெஞ்சுவலி வந்தது, போனது. ஒரு நாள் காலை சம்பத்தின் முறை வந்தது. யூனிஃபாரத்தில் வந்துவிடுவாரோ என்று பார்த்தேன். மனிதர் அரைக்கைச் சட்டையோடு, வராந்தாவில் ஆடு திருட்டுக் கேஸ்காரர்களுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோர்ட் டவாலி வெளியே வந்து கூப்பிட்டார். சம்பத், சம்பத், சம்பத் என்று மூன்று தரம். முன்னால் பதவி இல்லை, பின்னால் சார் இல்லை. அவர் எழுந்து உள்ளே போனார். அவரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் அற்புதசாமியின் கை சல்யூட்டுக்குப் பாதி தூரம் எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் தடவிவிட்டு இறங்கியது.

கமர் ஜஹான் அதிகம் கேட்கவில்லை. அன்றைக்கு டூட்டியில் இருந்தீர்களா என்றாள். இல்லை என்றார். யாராவது உங்களிடம் நேரடியாக ஏதாவது சொன்னார்களா என்றாள். இல்லை என்றார். 'ஏணிய உதைச்ச காலுக்கு இவ்வளவு மரியாதையா' என்று எதிரி சாமியாரிடம் பேசியது உங்கள் காதில் விழுந்ததா என்றாள்.

அவர் நல்லவராகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தடவை அற்புதசாமியைப் பார்த்தார், ஒரு தடவை மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார். முன்வரிசையில், ஸ்பீக்கருக்குக் கீழே, சால்வையோடு தான் உட்கார்ந்திருக்கும் போட்டோவைக் கோயிலே எடுத்து மாட்டியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். எந்தப் பக்கம் சாய்ந்தால் தனக்குச் சேதம் குறைவு என்று மனசுக்குள் கூட்டிக் கழித்தார். பிறகு உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமா சொல்லுங்க," என்றார் மாஜிஸ்திரேட்.

என் பக்கத்தில் டோனி உட்கார்ந்திருந்தார், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு. அவருடைய வலது கை முட்டியின் மேல் இருந்தது. அந்த விரல்கள் காற்றில் ஒரு குமிழைப் பிடித்து, மெல்ல, வலது பக்கமாகத் திருப்பின.

"விழுந்தது," என்றார் சம்பத். கோர்ட்டின் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.